ரிவர்ஸ் கியரில் தூங்கிய கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, அனுபவமுள்ள முட்டாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை ஏற்றும் லோரியை அரை ஆயுசு ஓட்டியவன், கிளட்ச் இல்லாத ஒரு காரிடம் தோற்றுப்போனேன்.

லோரிக்காரனுக்கு ஒரு வேதம் உண்டு. இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியரில் போடு, டயருக்கு முன்னால் ஒரு கல்லை வை, நிம்மதியாகத் தூங்கு. காலையில் பேட்டரி மக்கர் பண்ணினால் கல்லை எடுத்துவிட்டு உருட்டு, வண்டி தானே பிடித்துக்கொள்ளும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லா வண்டியும் இப்படித்தான் கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாய் வாங்கிய பழைய ஆட்டோ கியர் காரையும் நான் அப்படியே ரிவர்ஸில் போட்டு, கல் வைத்து, சாவியை உருவிக்கொண்டு வந்தேன். எந்தக் கியரிலும் சாவியை விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையான கார். ஆனால் பார்க்கிங்குக்கான 'பி'யிலோ நியூட்ரலுக்கான 'என்'னிலோ இருந்தால்தான் அது ஸ்டார்ட் ஆகும் என்று என் வேதத்தில் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் என் மனைவிக்கு ஈப்போவில் கார் ஓட்டும் பரீட்சை. கொழுந்து மலையில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவள். கோலா தெர்லாவில் ஒரு பூத்தோட்டக்காரர், லைசென்ஸோடு வந்தால் கடைகளுக்குப் பூ கொண்டுபோகும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள். அவள் ஆட்டோ கார் வகுப்புக்குப் போனாள். நான் லயம் லயமாகப் போய், "எம்பொண்டாட்டி ஓட்டக் கத்துக்குறான்னு ரோட்டு நாய்ங்கெல்லாம் கம்போங் ராஜாவுக்குக் குடி போயிருச்சாம்லா" என்று செய்தி பரப்பினேன்.

பரீட்சைக்கென்று வாங்கிய வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விடியும்போதே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருப்பினேன். விளக்கெல்லாம் எரிந்தது, என்ஜின் மூச்சுக்கூட விடவில்லை.

"கியரு..." என்று ஆரம்பித்தாள்.

"லைசென்ஸ் வாங்கிட்டு வந்து பாடம் நடத்துடி."

எதிர் லயத்து ஆட்கள் இரண்டு பேர் வேலைக்குப் போகிற வழியில் நின்று சிரித்தார்கள். ஆள் கூடினால் எனக்குக் கை துறுதுறுக்கும். பானட்டைத் திறந்து பேட்டரி முனைகளில் வெந்நீர் ஊற்றினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினேன், தேங்காய் வாங்குகிறவன் மாதிரி காதையும் வைத்துப் பார்த்தேன். "பேட்டரி செத்துருச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஒருவன் கையை உள்ளே விட்டு ஹார்னை அமுக்கினான். மலையே அதிர்ந்தது. "பொணம் நல்லாத்தான் கத்துதுண்ணே!"

மானம் போனபின் மிச்சமிருப்பது இறக்கம்தானே. "உருட்டுவோம்லா" என்றேன்.

"ஆட்டோ காடி தள்ளினா எடுக்காதுங்க" என்றாள் அவள், இந்தமுறை முழுசாக.

"விடுங்கண்ணே, அக்காவைப் பேச வச்சா படிச்சதெல்லாம் மறந்துடப் போவுது" என்றான் மற்றவன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டாள்.

கல்லை எடுத்தோம். தள்ளினார்கள். நான் ரிவர்ஸிலிருந்து 'டி'க்கு வீரமாக இழுத்தேன். நடுவில் இருந்த 'என்'னை என் கை தாண்டிப் போனதே எனக்குத் தெரியாது. கார் உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. ஸ்டீரிங் உலக்கையானது, பிரேக் கல்லானது. தேயிலைச் செடிகளை உரசிக்கொண்டு போய், மலையடிவாரத்து வாய்க்கால் ஓரத்தில் நின்றோம். மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. பிறகு அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் மறுபடியும் பானட்டுக்குள் தலையை விட்டேன். இம்முறை ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது. அவள் கைப்பேசி அடித்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, எங்க இருக்கீங்க? பேரு கூப்பிட்டு முடிச்சாச்சுலா. இனி அடுத்த மாசந்தான்."

"சரிங்க" என்று வைத்தாள். அடுத்த மாதம் அந்தப் பூ வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பானட்டை மூடிவிட்டுப் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி, ஜோடி சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, கியரை 'பி'க்குத் தள்ளி, சாவியைத் திருப்பினாள். என்ஜின் பூனைக்குட்டி மாதிரி உறும ஆரம்பித்தது.

"அடிப்பாவி! தெரிஞ்சும் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தியா? மேலயே இதப் பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எனக்குத்தான் லைசென்ஸ் இல்லையே."