அட்டைக்குள் ஒரு சிவப்பு முடிச்சு

எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டால் அது சளி மாதிரி, லேசில் விடாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாழ்த்து அட்டை செய்த வருஷம் அதனால்தான் கெட்டது.

துணிக்குக் கூப்பன் இருந்த காலம். கல்யாணச் சட்டை தைத்து மிஞ்சிய சாட்டின் துண்டுகளை வளையத்தில் இறுக்கி, தையல் மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, ஊசிக்கடியில் துணியைக் கையாலேயே ஓட்டிப் பூப்போடுவேன். ரோஜாதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்த பூ. நூல்கட்டைகள் போட்டுவைத்திருந்த சீமை பிஸ்கட் டின்னின் மூடியிலிருந்து எண்ணெய்த்தாளில் படியெடுத்தது. மூடியில் பூவின் மேல் ஒரு வண்ணத்துப்பூச்சியும் இருந்தது. அதன் மீசை எனக்கு வராததால் பூச்சியையே விட்டுவிட்டேன்.

தைத்த துண்டுகளை அடுத்த ஒழுங்கையில் இருந்த ராத்தாவிடம் கொடுப்பேன். சொந்த அக்கா இல்லை. அவர் முஸ்லிம், அவருடைய தங்கச்சிமார் கூப்பிட்டபடி நானும் ராத்தா என்றேன். அவர் கோதுமை மாப் பசை காய்ச்சி, ஜன்னல்போல வெட்டிய அட்டைக்குள் துணியை வைத்து, பின்னால் தாள் ஒட்டித் தருவார். கடைக்கு நான் கொண்டுபோவேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கொள்ளுப்பிட்டியில் வேறொரு கடையின் கண்ணாடிக்குள் என் ரோஜாவைக் கண்டேன். அதே சாய்ந்த மொட்டு, அதே மூன்று இலை. மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி. களவை மறைக்கத்தான் பூச்சி என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

ராத்தாவைத் தவிர வேறு யார் கையில் என் துண்டுகள் இருக்கின்றன? கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கச்சி ஒருத்தியிடம் மெஷின் இருந்தது. ஞாயிறுகளில் ராத்தா அங்கே ஒரு பார்சலோடு போவார். அதுவரை அது சாப்பாட்டுப் பார்சலாகத்தான் எனக்குத் தெரிந்தது. "அடுத்தது என்ன பூ, தங்கச்சி?" என்று அவர் கேட்டதுகூட உளவாகப் பட்டது. முகத்துக்கு நேரே கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

அடுத்த முறை ஒரு தந்திரம் செய்தேன். ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும், நடு இதழுக்கடியில், சிவப்பு நூலால் ஒரு சிறு முடிச்சு. என் துண்டுகளையே எடுத்து, பூச்சியைப் போட்டு விற்கிறார்கள் என்றால் தாளைக் கிழித்துப் பிடித்துவிடலாம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, அந்தக் கடைக்குப் புதிதாய் வந்த அட்டை ஒன்றை வாங்கிவந்து கிழித்தேன். முடிச்சு இல்லை. பின்பக்க நூலோட்டம் என்னுடையதைவிடத் துப்புரவு. அப்படியென்றால் பார்த்துப் படியெடுத்திருக்கிறார்கள் என்று, விடாமல் ஒப்பிட்டுப் பார்க்க நூல் டின்னை இழுத்தேன். மூடியைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டேன். அட்டையில் இருந்தது மூடியில் இருந்த அதே பூச்சி. அதே மடிந்த செட்டை, அதே வளைந்த மீசை. என்னைப் பார்த்து யாரும் அதைப் போட்டிருக்க முடியாது, நான்தான் பூச்சியே போடவில்லையே! கொழும்பில் எத்தனை வீட்டில் அந்த டின் இருந்ததோ.

ஒட்டாமல் மிச்சமிருக்கும் துண்டுகளிலாவது முடிச்சுகளை எடுத்துவிடலாம் என்று ராத்தா வீட்டுக்கு ஓடினேன். அவர் எல்லாவற்றையும் ஒட்டி, அடுக்கி, மேலே பலகை வைத்திருந்தார்.

"தங்கச்சி, எல்லாத் துண்டிலயும் செவப்பு முடிச்சொண்டு ஈந்திச்சே, என்னத்துக்கு?"

"நூல் சிக்கிப்போச்சு, ராத்தா."

"எல்லாத்துலயும் ஒரே எடத்துலயா?"

அவர் மடித்த தாளொன்றை என் கையில் வைத்தார். உள்ளே சிவப்பு நூல் துணுக்குகள்.

"முடிச்சோட ஒட்டினா முன்னால மேடு தட்டும், கடைக்காரன் திருப்பிடுவான். அதான் ஒண்டொண்டா எடுத்தேன்."

பின்பக்கத்தைப் பார்க்கிற ஒரே ஆள் ஒட்டுகிறவர்தான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நடந்ததைச் சொன்னேன், அழுதேன். "சரி, சரி" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அதற்குப் பிறகும் அவர்தான் எனக்கு ஒட்டித் தந்தார். ஆனால் நான் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும், என் முன்னாலேயே பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.