ஆட்டு மடியும் மல்லிப்பூவும்

ஆட்டு மடியில் வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிதான் அப்படிச் சுடும். சூட்டையாவது தாங்கிக்கொள்ளலாம், அது கல்லாய் இருந்ததைத்தான் மனசு தாங்கவில்லை. இடது பக்கம் முழுக்கக் கல். தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. "அடிப்பாவிங்களா!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த கோழி கீழே குதித்துவிட்டது.

பாவிகள் என்று சொன்னது ஒரே ஒருவரைத்தான், என் மாமியாரை. அவர் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பம் கரும்பு வெட்டும் வேலைக்காக மலையிறங்கிப் படவேட்டுப் பக்கம் தங்கிவிட்டது. என்னை மட்டும் மறுபடி மலைக்கே, அத்தை வீட்டுக்கே கட்டிக்கொடுத்தார்கள். நான் முழுகாமல் இருந்தபோது அப்பா எனக்கென்று ஒரு தலைச்சினை ஆட்டைக் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் அதை ஏற்ற கண்டக்டரோடு போட்ட சண்டையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தரைநாட்டு ஆடு, மலை ஆட்டைவிட உயரம், பாலும் அதிகம். எனக்குப் பெண் பிறந்த அதே வாரத்தில் அதுவும் ஒற்றைக் குட்டி போட்டது.

அத்தை வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. தலையீற்று ஆட்டை, குட்டி தழை கடிக்கப் பழகும்வரை கறக்க மாட்டார்கள். அந்தப் பால் குட்டியின் பங்கு, அதில் மனுஷன் கை வைக்கக் கூடாது. அவர்களுடைய சின்ன மலையாடுகளுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் வந்ததில்லை, ஊறுகிற பால் குட்டிக்கே சரியாகிவிடும். இந்த ஆட்டுக்கோ இரண்டு குட்டிக்கு மேல் பால். ஒற்றைக் குட்டி வலது காம்பையே பிடித்துக்கொண்டது. இடது பக்கம் கேட்பாரற்றுக் கிடந்தது. இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், ஆனால் போய்ப் பார்க்க முடியாது. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை ஆட்டுப் பட்டியில் கால் வைக்கக் கூடாது என்பது இன்னொரு பழக்கம்.

உள்ளே படுத்துக்கொண்டே கேட்பேன். "அத்த, ஆடு கத்துதே, மடியப் பாத்தியா?"

"குட்டி நல்லாத்தான் குடிக்குது. நீ ஒன் புள்ளயப் பாருமே."

என் பிள்ளையைப் பார்க்கிற லட்சணமும் நன்றாக இல்லை. எனக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இடது மாரில் பால் கட்டிக்கொண்டு புளியங்கொட்டை அளவில் ஆரம்பித்த கட்டி உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. பிள்ளை அந்தப் பக்கம் வாய் வைத்தால் உயிர் போகும். பிடுங்கி வலது பக்கம் விடுவேன். வலது பக்கத்திலும் பால் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளையின் தொடைச் சதை தொங்கிவிட்டது. பொழுதுக்கும் வீறிட்டவள் அழுவதைக் குறைத்துக்கொண்டாள், அதுதான் எனக்குப் பயம். சாமைக் கஞ்சித் தெளிவைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம், துப்பிவிட்டாள். குட்டி தழை கடிக்க ஆரம்பித்ததும் ஆட்டுப்பாலை நீர் கலந்து புகட்டலாம் என்று அத்தை சொன்னார். எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வழிதான்.

அன்றைக்கு வாரச்சந்தை. விடிவதற்குள் என் வீட்டுக்காரர் ஜமுனாமரத்தூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். குட்டி தழை கடிக்க ஆரம்பித்திருந்தது. அதன்பிறகுதான் அத்தை சொம்பைக் கழுவிக்கொண்டு முதன்முதலாக ஆட்டைக் கறக்கப் போனார். போன வேகத்தில் வெறும் சொம்போடு திரும்பி வந்தார்.

"கிட்டயே சேக்க மாட்டேங்குது. ஒதைக்குது."

தீட்டாவது மண்ணாவது. எழுந்து போனேன். "ஐயோ, பட்டியில கால வெச்சிட்டாளே!" என்று அத்தை வாயில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். அப்போதுதான் மடியைத் தொட்டேன், அப்போதுதான் கோழி குதித்தது.

இடது காம்பை மெல்லப் பிழிந்தேன். பால் வரவில்லை. திரிந்த தயிர்போல ஒரு நூல் வந்தது. பிறகு மஞ்சள் தண்ணீர். பிறகு ரத்தம். நானும் பிள்ளை பெற்ற ரத்தத்தைப் பார்த்தவள்தான், ஆனாலும் பால் வரவேண்டிய இடத்தில் அது வந்தபோது காம்பை விட்டுவிட்டேன். ஆடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அத்தை மாரில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு பட்டுச்சி. எவ கண்ணோ பட்டுச்சி."

"கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல! கறக்காம வுட்டா கட்டிக்காம இன்னா பண்ணும்? எழுந்து வெந்நி வை அத்த!"

மாமியாரை நான் அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. ஆச்சரியம், எழுந்து போனார். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வந்தது. துணியை நனைத்துப் பிழிந்து மடியில் ஒத்தினேன். அத்தை ஆட்டின் பின்னங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து கீழே நீவி, காம்பைப் பிழிந்து, கெட்டதை ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டில் விட்டேன். மறுபடி ஒத்தடம், மறுபடி பிழிதல். ஆடு அலறியது. அலறினாலும் நான் விடவில்லை. உள்ளே இருப்பது வெளியே வந்தாக வேண்டும், வலிக்கிறதென்று விட்டால் மடி அழுகிவிடும். படவேட்டில் அம்மா செய்து பார்த்திருக்கிறேன். பிறகு கற்றாழைச் சோறு, மஞ்சள், அத்தையின் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பு மூன்றையும் குழைத்து மடி முழுக்கப் பூசினேன். வலது பக்கம் நல்ல பால்தான் வந்தது, கொஞ்சூண்டு. குட்டிக்கே அது காணாது.

பொழுது உச்சிக்கு ஏறியிருந்தது. வீட்டுக்காரர் வந்தார். தோளில் பை, கையில் வாழையிலைப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்ததும் கம்மென்று வாசனை. மல்லிப்பூ! நெருக்கமாய்க் கட்டிய சரம், கை நிறைய.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. குழந்தை செத்துப்போன தாய்க்குப் பால் வற்ற மாரில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள், எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

"இன்னாய்யா இது? புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வீங்குன மடிக்கு எவளாவது மல்லிப்பூ கட்டச் சொன்னாளா? வீக்கத்தோட பாலும் வத்திடும்யா! அப்புறம் எம்புள்ளைக்கு இன்னாத்த குடுப்பே?"

அவர் திருதிருவென்று விழித்தார். ஆட்டைப் பார்த்தார், அதன் மடியில் இருந்த மஞ்சள் பூச்சைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"ஆட்டுக்கு இன்னா ஆச்சி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டு விஷயம் இந்த மனுஷனுக்குத் தெரிய வழியே இல்லை. விடிவதற்குள் போனவர். "அப்ப இந்தப் பூ?" என்றேன்.

"ஒனக்குத்தான். அம்மாதான் வாங்கியாரச் சொல்லிச்சி."

அத்தை ஆட்டுக்காலை விடாமல், நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார். "காய்ச்சக்காரி பாலு புள்ளைக்கு வெசம்மே. ஒன்னுத வத்த வெச்சிட்டு ஆட்டுப்பால்ல வளத்துக்கலாம்னு பாத்தேன். நல்லதுக்குத்தான்."

என்னைக் கேட்காமல், என் காதில் போடாமல், என் மாரை என்ன செய்வதென்று அம்மாவும் பிள்ளையும் பேசி முடித்திருக்கிறார்கள். எதை நம்பி என் பாலை வற்றவைக்க நினைத்தார்களோ அந்த மடியின் பால் ரத்தத்தோடு தட்டில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குட்டி ஓடிவந்தது. வலது காம்பில் முட்டியது. ஆடு உதைக்கவில்லை, பால்கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும், பேசாமல் நின்று குடிக்க விட்டது. காலையில் குட்டியையும் உதைத்துக்கொண்டிருந்த ஆடு அது. நான் என் இடது மாரைத் தொட்டுப் பார்த்தேன். கல். அதே சூடு, அதே இடது பக்கம். சொன்னால் கதை கட்டுகிறாள் என்பார்கள், சொல்லட்டும்.

"அத்த, ஆட்டுக்கால வுடு. வந்து என்னப் புடி."

"இன்னா பண்ணப் போற?"

"ஆட்டுக்குப் பண்ணததான்."

மிச்ச வெந்நீரைச் சுடவைத்து, வேறு துணி எடுத்து உள்ளே போனோம். அத்தை பின்னால் உட்கார்ந்து என் இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஒத்தி, நீவி, பிழிந்தேன். அலறினேன். ஆடு ஏன் உதைத்தது என்று நன்றாகத் தெரிந்தது. திப்பி திப்பியாய் ஏதோ வந்து, அதற்கப்புறம் வெள்ளையாய் ஒரு துளி நின்றது. "குடுமே, இப்பக் குடு" என்று அத்தைதான் பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டார். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள் காம்பைத் தேடிப் பிடித்தாள். இந்தத் தடவை நான் பிடுங்கவில்லை. மடக்கென்று அவள் விழுங்கிய சத்தம் எனக்கும் அத்தைக்கும் கேட்டது. அத்தை என் தோளை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே வீட்டுக்காரர் "ஏய், ஏய்!" என்று கத்தினார். கீழே வைத்திருந்த மல்லிப்பூவை ஆடு இலையோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஆட்டின் இடது மடி அந்த ஈற்றில் தேறவே இல்லை. வலது பக்கத்துப் பால் குட்டிக்கு மட்டும் போதுமாக இருந்தது. நாங்கள் அதில் கை வைக்கவில்லை. என் கட்டி கரைந்தது, காய்ச்சல் நின்றது, என் பெண் என் பாலிலேயே வளர்ந்தாள்.

ஆனால் இரண்டு நாள் கழித்து, சோறு தின்றுகொண்டே வீட்டுக்காரர் சாவகாசமாக ஒன்று சொன்னார். "அதுக்கு முந்தின சந்தையிலியே பூ கேட்டேன் தெரியுமா? அன்னிக்குன்னு பாத்து பூக்காரி கீழருந்து வரல."

கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. அந்த முந்தின சந்தையன்று ஆட்டு மடியை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. அன்று பூ வந்திருந்தால், காய்ச்சல் மயக்கத்தில் கிடந்த எனக்குக் கட்டியிருப்பார்கள், என் பாலும் போயிருக்கும், ஆட்டுப் பாலும் இருந்திருக்காது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டேன். அந்தப் பூக்காரி போளூரோ, எந்த ஊரோ, அன்றைக்கு ஏன் மலை ஏறவில்லையோ, நான் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும்.