செம்பு தேங்கும் உடலில் ஒரு குழந்தை

கரும்பலகையில் எழுதும்போதுதான் முதலில் தெரிந்தது. "டீச்சர், எழுத்தெல்லாம் நெளியுது" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையின் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

புசல்லாவையிலிருந்து பஸ் ஏறிக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வில்சன் நோய் (உணவிலுள்ள செம்பு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கும் பரம்பரைக் கோளாறு). மருந்து தொடங்கியபின் மெல்ல மெல்ல எழுத்து நேரானது. பிறகு திருமணம். பிறகு வயிற்றில் பிள்ளை.

"அந்த மாத்திரைய நிப்பாட்டிரு புள்ள. வயித்துல இருக்கிற உசுருக்கு ஆவாது" என்றார் மாமியார். அதட்டலில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போனேன். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். மாமியாரைக் கதிரையில் இருத்தி, அவரிடமே பேசினார்.

"நிப்பாட்டினா செம்பு திரும்ப ஈரல்ல சேரும் அம்மா. பிறகு தாயையும் காப்பாத்தேலாது, பிள்ளையையும் காப்பாத்தேலாது."

"அப்ப மாத்திரைய குடிக்கலாமா?" என்றார் மாமியார்.

"ஓம். அளவைக் குறைச்சுத் தாறன். ரத்தத்தை அடிக்கடி பாப்பம்."

மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஒரு மணிநேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. மாமியார், எழுந்த கையோடு தேத்தண்ணி குடித்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்ப் பழகியவர். மறுநாள் காலை அடுப்பையே பற்றவைக்கவில்லை. "நீ தேத்தண்ணி குடிக்கிறப்ப நானும் குடிக்கிறேன்" என்றார். பிரசவம் வரை அப்படித்தான் இருந்தார். செம்பு அதிகமுள்ளவை என்பதால் வீட்டில் ஈரல் கறியும் கஜு எனும் முந்திரிப்பருப்பும் நின்றுபோயின. கணவரும் அவற்றை விட்டுவிட்டார்.

ஏழாம் மாதம் ஈரல் பரிசோதனை முடிவு சரியில்லை. வார்டில் சேர்த்தார்கள். டொக்டர் மருந்தின் அளவை மாற்றினார். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்தபடியே கிடந்தேன். அத்தனை காலம் இந்த உடலை ஒரு பழுதாக மட்டுமே பார்த்திருந்தேன். அந்தக் கட்டிலில் முதல்முறையாக அதனிடம் இரக்கம் வந்தது. ஈரல் பரிசோதனை அளவுகள் மெல்ல இறங்கிச் சீராயின.

மகள் நலமாகப் பிறந்தாள். அவளுக்கும் இது வருமா என்று கேட்டேன். "கொஞ்சம் வளரட்டும், சோதிச்சுப் பாப்பம். நோய் இருந்தாலும் நேரத்தோட கண்டுபிடிச்சிடலாம்" என்றார் டொக்டர்.

இதே நோயோடு கருவுற்றிருப்பவர் இதை வாசித்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேளுங்கள். பயப்படுகிறவர்களையும் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

வீடு திரும்பும் நாளில் டொக்டர் நினைவூட்டினார்: "வாழ்நாள் முழுக்க மருந்து இருக்கு, மறக்காதேங்கோ." முன்பென்றால் தண்டனைபோல் ஒலித்திருக்கும். மடியில் மகள் கொட்டாவி விட்டாள். எனக்கு ஒரு வாழ்நாள் இருக்கிறது என்பது மட்டுமே காதில் விழுந்தது.