குளக்கரையில் நான் திறந்த எலிவளை

1964 ஆடிச் சாரலில் இரண்டு நாள் குற்றாலம் போனேன். அருவிக்காக மட்டுமல்ல. அப்போது கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரத் தொடங்கி ஓராண்டு. ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியிலேயே வாழும் எலியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன்: கடுகுபோல் கண், வெளிக்காது கிடையாது, உதட்டைத் தாண்டி நீண்ட பல்லால் மண் தோண்டும். நம் வரப்பெலியைக்கூட நான் பார்த்ததில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

தென்காசியில் காலை 7.10 பேருந்து. இலத்தூர்ப் பக்கம் நாலு மைல், இருபது காசு. இறங்கி அரை மைல் நடந்தால் ஒரு சிறு குளம். கரையின் உட்சரிவில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஈரமண் அடைத்த வளை. புதுமண் என்றால் உள்ளே எலி இருக்கிறது. ஆப்பிரிக்க எலி, வளையைத் திறந்தால் அடைக்க வருமாம். இதுவும் வரும் என்று குடை முனையால் குத்தித் திறந்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. குற்றாலம் போய்விட்டேன்.

நண்பகலில் ஐந்தருவியில் நின்றபோது மழை வலுத்தது. குளம் ஒரு சாண் ஏறினால், திறந்த வளை வழியே நீர் புகுந்து கரையை அரித்துவிடுமே? வீண் பயமோ, யாரிடம் சொல்வது, என்ன நினைப்பார்கள் என்றே நேரம் போக்கினேன். குளத்துக்குத் திரும்பிச் சேர்ந்தபோது மணி மூன்று.

கரையின் வெளிப்புறம் கலங்கல் நீர் கொப்பளித்தது. கீழே வயல் வைத்திருந்த சுடலைமுத்து இடுப்பளவு நீரில் நின்றார். அவர் மனைவி செல்லம்மா மண் சுமந்தார்.

“அந்த வளையை நான்தான் திறந்தேன்,” என்றேன்.

“எதுக்குவே?”

“எலியைப் பார்க்க.”

“ஏட்டி, கேட்டியா? எலியப் பாக்க பஸ் ஏறி வந்திருக்காரு.”

“நம்ம வீட்டுக்கு வந்திருந்தா அடுக்களையிலயே காட்டியிருப்பேன்லா,” என்றார் செல்லம்மா.

“வேட்டிய மடிச்சுக் கட்டும்வே,” என்றார் சுடலைமுத்து. “ நேத்து நட்ட நடவு. கரை போச்சுன்னா இந்தப் போகத்து வெளைச்சலே போச்சு.”

வைக்கோல் பிரியைக் களிமண்ணில் தோய்த்து அவர் உள்ளே திணித்து மிதிக்க, நான் கூடை சுமந்தேன். நடுவில், கரை மேலிருந்த வேறொரு துளையில் எலி நனைந்து வெளியே வந்தது. சாண் நீளம், கரும்பழுப்பு, மழுங்கிய மூஞ்சி, உடலைவிடக் குட்டையான வால். கண் சிறிது, காது வட்டமாக வெளியே தெரிந்தது. மயிர் சிலிர்த்துச் சீறிவிட்டு வயலுக்குள் இறங்கியது. அதை அடிக்க யாருக்கும் கை ஒழியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒழுக்கு நின்றது. மறுநாள் முதல் பேருந்தில் போய்ப் பார்த்தேன். கரை அப்படியே இருந்தது.

சாரலுக்குப் போகிறவர்கள் மாற்றுத்துணியோடு குடையும் கொண்டுபோங்கள். குளக்கரையில் புதுமண் அடைத்த வளையில் மட்டும் கை வைக்காதீர்கள். வைத்துவிட்டால் எதிர்ப்படும் முதல் ஆளிடம் சொல்லிவிடுங்கள். அருவியிலேயே தெரிந்தும், எனக்கு அதற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.