கரப்பான் நரம்பும் நைனாவின் காலும்

நான் ஆராய்ச்சி செய்த பூச்சி கரப்பான். இதைச் சொன்னால் இன்றும் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நான்கு வருடம் கரப்பானோடு குப்பை கொட்டியவளுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்? தொண்ணூறுகளின் கடைசி அது. திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போவேன். மடியில் சோற்று டப்பா, காலடியில் இன்னொரு டப்பா. இரண்டாவதில் எங்கள் தெருச் சாக்கடை மூடிக்கு அடியில் பிடித்த கரப்பான்கள் இருக்கும். "உங்க ஏரியா சரக்கு நல்லா கொழுகொழுன்னு இருக்கும்மா" என்று என் கைடு மெச்சுவார். எங்கள் ஏரியாவை ஒருவர் மெச்சி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

கரப்பானை ஐஸில் வைத்து மயக்கி, மெழுகுத் தட்டில் சின்ன ஊசிகளால் குத்தி நிறுத்தி, முதுகைக் கத்தரித்துக் குடலை ஒதுக்கினால், அடியில் ஒரு வெள்ளை நூல் முடிச்சு முடிச்சாக ஓடும். அதுதான் நரம்பு. அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியை வைத்து ஸ்பீக்கரோடு இணைப்போம். ஒரு பொத்தானை அழுத்தினால் குழாயிலிருந்து பூச்சியின் வால்பக்கத்தில் கொஞ்சம் காற்று வீசும். உடனே ஸ்பீக்கரில் கடுகு பொரிகிற சத்தம் வரும். காற்று நின்றால் சத்தமும் நிற்கும். பூச்சிமருந்து ஒரு துளி விட்டுவிட்டு அதையே செய்தால், காற்று நின்ற பிறகும் பொரிந்துகொண்டே இருக்கும். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு ஒரு ரசாயனத்தை அனுப்பித்தான் சேதி சொல்கிறது. சொல்லி முடித்ததும் அந்த ரசாயனத்தைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. மருந்து போய் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். காலிங் பெல்லை அழுத்தியவன் விரலை எடுக்காமலே நிற்கிற மாதிரி. அப்புறம் சத்தம் மொத்தமாக அடங்கும். நான் மணி பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

கைடு ஒரு விதி வைத்திருந்தார். பத்து முறை பொத்தானை அழுத்தினால், அதில் இரண்டு முறையாவது காற்றுக் குழாயை மூடிவிட்டு வெறுமனே அழுத்த வேண்டும். அப்போதும் பதில் வந்தால் அது பூச்சியின் பதில் இல்லை, வேறெங்கோ கோளாறு. "சும்மா கேட்டுப் பாக்காம எதையும் நம்பாதே" என்பார். நாளடைவில் அது என் கைக்கே பழகிப்போயிற்று.

என் நைனாவுக்கும் மருந்தோடுதான் வேலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன பூச்சிமருந்துக் கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். பெரிய பீப்பாயில் வருவதைக் கலந்து சின்ன டின்களில் அடைக்க வேண்டும். அவர் அடைத்ததும் நான் பூச்சிமேல் விட்டதும் ஒரே வகை மருந்து. "நா டின்னுல ஊத்துறேன், எம் பொண்ணு கரப்பான் மேல ஊத்துது. ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மெண்டு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காலை ஷிஃப்டு முடிந்து மூன்று மணிக்கு வருவார். எங்கள் வரிசையில் அந்தக் கம்பெனி ஆட்களின் வீடுகள் ஆறேழு இருந்தன. மூன்று மணிக்கு அத்தனை வாசலிலும் ஒரு மண்ணெண்ணெய் பாட்டில் வந்து உட்காரும். மருந்தின் வாடை அழுகிய பூண்டு மாதிரி இருக்கும். சோப்புக்கு அது அசையாது. மண்ணெண்ணெயைக் கையில் ஊற்றி முழங்கைவரைக்கும் தேய்த்து, காலுக்கும் தேய்த்து, பிறகு தண்ணீரில் கழுவினால்தான் போகும். அதற்கப்புறம்தான் சோற்றில் கைவைப்பார்கள். இதை யார் தொடங்கிவைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் ஊற்றுவது என் வேலை. ஐந்தாவது படிக்கும்போதிலிருந்து, வீட்டில் இருக்கிற நாளிலெல்லாம் நான்தான் ஊற்றினேன்.

இரண்டாம் வருடம் கைடு ஒரு சோதனை கொடுத்தார். ஒரே அளவு மருந்தைச் சில பூச்சிகளுக்குத் தண்ணீரில் கலந்து விட வேண்டும், சிலவற்றுக்கு மண்ணெண்ணெயில். கடையில் விற்கிற கரப்பான் மருந்து பெரும்பாலும் மண்ணெண்ணெயில் கலந்ததுதானே, அதற்காக. கரப்பானின் தோல்மேல் மெழுகு இருக்கிறது. தண்ணீர்த் துளி அதன்மேல் உருண்டு நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு திரிந்தது. மண்ணெண்ணெய்த் துளி விட்ட பூச்சி சில நிமிடத்தில் மல்லாந்துவிட்டது. மண்ணெண்ணெய் மருந்தைக் கையைப் பிடித்துத் தோலுக்குள் கூட்டிப் போகிறது. எவ்வளவு தெளிவான முடிவு! நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். சனிக்கிழமை அரைநாள் என்பதால் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு நைனா வந்து கையை நீட்டினார். பாட்டிலை எடுத்து ஊற்றினேன். பாதி ஊற்றிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

என் கை நின்றுவிட்டது. "ஊத்து கண்ணு, இன்னா பராக்கு பாத்துகினு நிக்கிற?" என்றார். மிச்சத்தையும் ஊற்றினேன். அந்த மிச்சத்தைப் பற்றி எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பாட்டிலைத் தூக்கி எறிந்திருக்கலாம், கத்தியிருக்கலாம். எனக்குள் ஒன்றும் எழும்பவில்லை, அதுதான் உண்மை. பயம்கூட வரவில்லை. அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், நான் ரசம் ஊற்றினேன்.

திங்கட்கிழமை காலை அவர் விரலில் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுத்தேன். படிப்புக்கு என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினார். என் ரத்தமும் இரண்டு சொட்டு எடுத்துக்கொண்டேன். அந்த நொதி உயிரோடு இருந்தால் கரைசல் மஞ்சளாகும், கட்டுண்டு கிடந்தால் ஆகாது. கரப்பானுக்குத் தினமும் செய்கிற சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்தேன். என் ரத்தம் விட்ட சோதனைக் குழாய் சில நிமிடத்தில் நல்ல மஞ்சளானது. நைனாவுடையது அரிசி கழுவிய தண்ணீராகவே நின்றது. அந்தப் பக்கம் வந்த கைடு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எந்த டோஸும்மா?"

"எங்கப்பா சார்" என்றேன்.

அவர் குழாயை மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். பிறகு, "முதல்ல அந்த வேலைய விடச் சொல்லு" என்றார்.

நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சி மல்லாந்ததையும் மஞ்சளாகாத குழாயையும் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத்தினி வருசமா நாமளே உள்ள ஏத்திகினு இருந்தோமா?" என்று சிரித்தார். மண்ணெண்ணெயை அன்றே நிறுத்தினார். வேலையை மட்டும் விடமாட்டேன் என்றார். "நீ படிச்சி முடி. அப்பால நா வூட்லயே குந்திகினு உன் கரப்பானுக்கு பிஸ்கோத்து போட்றேன்." பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொன்னேன். சிலர் நிறுத்தினார்கள். சிலர் படித்த திமிர் என்றார்கள். வாடைக் கையோடு சோற்றைத் தொட நைனாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார். "தொர சாப்புட்றாரு பாரு" என்று அம்மா கிண்டல் செய்துவிட்டு, அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.

மூன்று மாதம் கழித்து அவர் ரத்தம் ஓரளவு மஞ்சள் காட்டியது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? ரயிலில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே வந்தேன்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு நைனா ஒற்றைச் செருப்போடு வந்தார். "இன்னாய்யா, இன்னொன்னு எங்க?" என்று அம்மா கேட்ட பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். செருப்பு எங்கே நழுவியது என்று அவருக்குத் தெரியவில்லை. தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்ததில் பாதம் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "மரத்து கெடக்குதும்மா, நாளாவே இப்டித்தான் கீது" என்றார். ரத்தத்தில் நொதி திரும்பி வரும், செத்த நரம்பு அப்படி வராது என்று நான் படித்திருக்கிறேன். நீளமான நரம்புதான் முதலில் போகும். உடம்பிலேயே நீளமானது காலுக்குப் போவது.

பெரிய ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்து, போகப் போகப் பார்க்கலாம் என்றார்கள். டின் மூடியைத் திருக விரல் ஒத்துழைக்காமல் போனதும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் காலைச் சோதிக்க ஆரம்பித்தேன். கரப்பானைத் தட்டில் குத்துகிற அதே ஊசியின் புதுப் பெட்டி ஒன்று எடுத்து வந்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். விரலிலிருந்து மேலே போய்க்கொண்டே குத்தி, "தெரியுதா நைனா?" என்று கேட்பேன். தெரிகிறது என்று அவர் சொல்லும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதியோடு நோட்டில் எழுதிக்கொள்வேன். முதல் வாரம் கோடு கணுக்காலில் இருந்தது. மூன்றாவது வாரம் நான்கு விரல் அளவு மேலே ஏறிவிட்டது.

"இன்னும் ஏறிச்சின்னா நான் படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போயிடுவேன்" என்றேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, முடிவே செய்திருந்தேன். அவர் குனிந்து காலில் இருந்த பேனாக் கோட்டைப் பார்த்தார்.

அடுத்த வாரத்திலிருந்து கோடு இறங்க ஆரம்பித்தது. வாரம் ஒரு விரல், சில வாரம் இரண்டு. ஆனி கடைசியில் கணுக்காலுக்குக் கீழே வந்துவிட்டது. ஓடிப்போய் கைடிடம் சொன்னேன். அவருக்கும் நம்ப முடியாத சந்தோஷம். சிலருக்கு நரம்பு திரும்ப முளைக்கும் என்றார். எனக்கும் அப்படியே நம்பவேண்டும்போல இருந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைனா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். பெருவிரலில் குத்தினேன், தெரிகிறது என்றார். அடுத்த விரலில் குத்தினேன், தெரிகிறது என்றார். மூன்றாவதற்கு என் கை, காற்றில்லாமல் பொத்தானை அழுத்துகிற தன் பழக்கத்தில், நின்றுவிட்டது. ஊசியைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"தெரியுதா நைனா?"

"தெரியுது கண்ணு. சுருக்குனு நல்லாவே குத்துது" என்றார்.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் என்ன எழுதப்போகிறேன் என்று நோட்டைப் பார்த்தார். மூன்றாவது விரல், தெரிகிறது என்று எழுதினேன்.