சாயம் ஏறாத இடம்

சாயக்காரர் என்றால் அந்தக் கிட்டார் பட்டறையில் தெரியாதவர் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கிட்டாரின் கழுத்துக்கு, அந்த நீளக் கைப்பிடி மரத்துக்கு மட்டும் சாயம் போடுகிறவர். இப்போதெல்லாம் அவருடைய சொந்தக் கழுத்து பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. "கழுத்துக்கே உழைச்சு என் கழுத்து போச்சு" என்று அவரே சொல்வார். கேட்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்கத்தான் அவருக்குத் தெம்பு இருக்காது.

கழுத்தின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைப் பட்டை ஒட்டி வரும். பசை தடவி ஒட்டுவது அடுத்த மேசையில் இருக்கும் அவர் மனைவி. இவர் துணியால் மரத்தில் சாயம் தேய்த்து, காய்ந்ததும் பட்டைமேல் ஏறிய சாயத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்து, பிறகு வார்னிஷ் அடிப்பார். பிளேடு மயிரிழை சாய்ந்தாலும் போதும், வேலை பல்லை இளித்துவிடும்.

அன்று பிளேடைத் தொடுவதற்கு முன்பே இளித்தது. துணியால் தேய்த்து வைத்த மூன்று கழுத்திலும் பின்பக்கம் சாயம் ஏறாமல் ஒரு வெளிறிய திட்டு. இந்த வாரம் இப்படியே ஒன்பது திரும்பி வந்தாயிற்று. "இன்னும் ஒண்ணு வந்தா, யார் தப்போ அவங்க நாளைலேர்ந்து வர வேணாம்ணே" என்று சூப்பர்வைசர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போனான். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். திட்டுக்குள் கட்டைவிரல் ரேகை. பசை பட்ட மரம் சாயத்தைக் குடிக்காது. அப்பாடா, தப்பு தன்மேல் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. விரல் யாருடையது என்று உறைத்தபோது எரிச்சல் வந்தது.

"ஏம்மா, பசைக் கையோடயா மரத்தத் தொடுவ? கவனமெல்லாம் எங்க இருக்கு?"

அவள் எழுந்து வந்தாள். கட்டைவிரலில் பசை ஓடாகக் காய்ந்திருந்தது.

"இவ்ளோ ஒட்டியிருக்கு, தெரியலையா?" என்று அவள் கையை வெடுக்கென்று இழுத்து, பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார்.

"மூணுமா போச்சு? ஐயோ, உங்க வேலைக்கு எதுவும் ஆயிடாதே?" என்று அவள் கழுத்துகளையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிளேடு சதையில் இறங்கிவிட்டது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. அவள் இன்னும் அந்தக் கழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா உனக்கு?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். "விரல்ல உணர்ச்சியே இல்லைங்க. நாலு மாசமாச்சு."

"நாலு மாசமா! ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் தினமும் ராத்திரி வருவேன். பாத்திரத்தக் கழுவி வச்சிட்டு வர்றதுக்குள்ள நீங்க தூங்கிருப்பீங்க. அசதி, பாவம்னு விட்டுடுவேன்."

அவர் சுத்தமான துணியாகத் தேடி எடுத்து அந்த விரலில் சுற்றினார். இறுக்குகிறதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

சூப்பர்வைசர் வந்து மூன்று கழுத்தையும் பார்த்தான். "யார் தப்புண்ணே இது?"

"என் தப்புதான்பா" என்றார் சாயக்காரர். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை.