பிரேக் கேட்ட டிரைவர்

பேருந்துப் பணிமனையில் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவர்களுக்கு டிரிப் ஒதுக்குபவளை எல்லோரும் கன்ட்ரோல் அக்கா என்பார்கள். அன்று ஆள் பற்றாக்குறை. மதியம் ஒரு டிரைவர் கூப்பிட்டான்.

"அக்கா, பிரேக் இல்லாம இதுக்கு மேல ஓட்ட முடியாது."

ஓய்வு கேட்கிறான் என்று நினைத்தாள். "இன்னும் ஒரே ஒரு டிரிப்தான். எப்படியாவது சமாளிங்க தம்பி" என்று வைத்துவிட்டாள்.

வேலைக்குப் புதிது என்பதால் அவன் எதிர்த்துப் பேசவில்லை. இறக்கத்தில் பேருந்து நிற்காமல் போய் மதிலில் மோதியது. பயணிகள் சிராய்ப்போடு தப்பினார்கள்; அவனுக்குக் கை முறிந்தது.

விசாரணையில் அவள் மேல் தப்பில்லை என்றார்கள். ஓய்வு என்ற பிரேக்கும் வண்டியின் பிரேக்கும் இங்கிலீஷில் எழுதினால் வெவ்வேறு சொற்கள், காதுக்கு ஒன்றுதான். மருத்துவமனையில் அவனும், "வண்டி பிரேக்னு நான்தான் தெளிவா சொல்லியிருக்கணும். நீங்க மனச போட்டு குழப்பிக்காதீங்கக்கா" என்றான்.

வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவன் கேட்டது ஓய்வாவே இருக்கட்டும். முடியலன்னு சொன்னவனத்தானே ஓட்டச் சொன்னேன்?" என்றாள்.

"ஆளே இல்லாதப்ப நீ வேற என்ன பண்ணியிருப்ப?" என்றார் கணவர்.

அந்த டிரிப்பை ரத்து செய்திருக்கலாம். அது அவளுக்கு அப்போதே தெரியும்.